டே ஆற்றுக்கு ஒரு பயணத் திட்டம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் என்று ஒரு வகை நம்மிடம் உண்டு. போய்வந்தவர்கள் எழுதுவது அது. பார்த்த ஊர், சாப்பிட்ட சாப்பாடு, தவறவிட்ட ரயில் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் போவதற்கு முன் ஒரு மனிதன் உட்கார்ந்து போடுகிற திட்டத்தை யாரும் இலக்கியமாக எண்ணுவதில்லை. எனக்கென்னவோ, ஒருவன் எங்கே போனான் என்பதைவிட எங்கே போக ஆசைப்பட்டான் என்பதுதான் அவனைப் பற்றி அதிகம் சொல்லும் என்று தோன்றுகிறது. ஆகவே இன்று நான் இன்னும் போகாத ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் லிந்துலையில் பிறந்தவன். தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் அக்காவின் மகன் ஸ்கொட்லாந்தில் பேர்த் என்ற நகரத்தில் வேலை செய்கிறான். அந்த நகரத்தின் நடுவே டே என்றொரு ஆறு ஓடுகிறது. "மாமா, ஒருக்கா வாங்க. டே ஆத்துல தூண்டில் போடுவோம்" என்று தொலைபேசி எடுக்கும் போதெல்லாம் சொல்கிறான். அதற்காக ஒரு சி. ஆர். கொப்பி வாங்கி, ஆறு, மீன், தூண்டில், காலம், அனுமதி, கடவுச்சீட்டு என்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

முதலில் ஆறு. டே ஆறு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் நீளமானது. நம்முடைய மகாவலி 335 கிலோமீற்றர். ஆனாலும் பிரித்தானியாவிலேயே மிக அதிகமான நீரைக் கடலுக்குக் கொண்டுபோவது இந்த டே ஆறுதான். லிந்துலைப் பக்கத்து மனிதனுக்கு ஸ்கொட்லாந்து முற்றிலும் அந்நியமான இடமும் அல்ல. கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, டிலிகுல்ட்ரி என்று நாம் தினமும் உச்சரிக்கிற தோட்டப் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. கிளாஸ்கோ கிளைட் ஆற்றங்கரையில் உள்ள பெருநகரம். பெல்மோரல் டீ ஆற்றங்கரையில் அரச குடும்பத்தின் மாளிகை. டிலிகுல்ட்ரி ஒரு சிற்றூர். அதன் அருகே ஓடும் ஆற்றின் பெயர் டெவோன். நம்முடைய டெவோன் நீர்வீழ்ச்சிக்கு வேறொரு கதை. அது ஒரு கோப்பித் தோட்டத் துரையின் பெயரால் வந்தது என்பார்கள். தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களை அவர்கள் இந்த மலைகளுக்கு வைத்தார்கள். நாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களை வைக்க நம்மிடம் மலை இருக்கவில்லை.

அடுத்தது தூண்டில். இது புழுக் குத்திப் போடும் தூண்டில் அல்ல. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, ஈயைப் போலவோ சிறு பூச்சியைப் போலவோ ஒன்றைக் கட்டுகிறார்கள். பொய் ஈ என்று அதைச் சொல்லலாம். அதற்குப் பாரமே இல்லை. பாரமில்லாத பொருளை எறிவது எப்படி? இங்கே பாரம் கயிற்றில் இருக்கிறது. தடித்த கயிற்றைத் தலைக்குமேல் வீசி விரித்தால், அதன் நுனியில் பொய் ஈ பறந்துபோய் நீரில் மெல்ல இறங்கும். பெரிய ஆறுகளில் பதின்மூன்று, பதினைந்து அடி நீளமான கோலை இரண்டு கைகளாலும் பிடிப்பார்கள்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஐசாக் வோல்டன் என்ற பெயர் நினைவுக்கு வரும். தூண்டில்காரனைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1653 இல் வந்தது. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்து, அரசனுடைய தலையையும் வெட்டிய காலத்துக்குச் சற்றுப் பின்னால், அவர் ஆற்றங்கரையின் அமைதியைப் பற்றி எழுதினார். பொய் ஈயைப் பற்றிய விரிவான பகுதியை அவருடைய நண்பர் சார்ள்ஸ் கொட்டன் 1676 இல் சேர்த்தார்.

ஆனால் தூண்டிலுக்கு நாம் அவர்களிடம் போகவேண்டியதில்லை. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். உருத்திரங்கண்ணனார் அதில் ஒரு பாணனைக் காட்டுகிறார். நீண்ட மூங்கிற் கோல். இரையை வைத்திருக்கத் தோற்பை. வாளை மீன் இரையைக் கௌவிக்கொண்டு தப்பிவிடுகிறது. தப்பிய பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் அது அஞ்சுகிறதாம். கோலின் நிழல் நீரில் விழக்கூடாது என்பது இன்றைக்கும் தூண்டில் பழகுகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற் பாடம். மீனின் மனத்துக்குள் இறங்கிப் பார்த்த அந்தப் புலவர், ஒருநாளாவது கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

இனி மீனுக்கு வருகிறேன். நுவரெலியா மலைகளில் துரைமாருக்கு எல்லாம் கிடைத்தது. தங்கள் நாட்டு மீன் மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே 1880களில் டிரவுட் என்னும் மீனின் முட்டைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். மீன் முட்டையைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்துக் கடல் கடத்தும் முறை அப்போது கைவந்திருந்தது. 1864 இல் அப்படித்தான் தாஸ்மேனியாவுக்கு முட்டைகள் போய்ச் சேர்ந்தன. இங்கே ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் நன்றாக வேரூன்றவில்லை. பின்னால் கொண்டுவந்த வானவில் டிரவுட்தான் ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் தானாகப் பெருகியது. அது ஐரோப்பிய மீனே அல்ல. அதன் சொந்த இடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை.

நேயர்களே, இங்கே ஆண்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். கோப்பித் தோட்டங்களுக்கு நம்முடைய மூதாதையர் வரத் தொடங்கியது 1820களில். அதன் இருநூறாவது ஆண்டை 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தோம். டிரவுட் வந்தது அதற்கு அறுபது வருடங்களுக்குப் பிறகு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மீனுக்கு ஒரு சங்கம் இருந்தது, நுவரெலியாவில் ஒரு பொரிப்பகம் இருந்தது, அதைப் பிடிக்க அனுமதிச்சீட்டு இருந்தது. அப்படியிருக்க, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நமக்கு என்ன செய்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதி தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சி. வி. வேலுப்பிள்ளைதான் பின்னர் 'நாடற்றவர் கதை'யையும் எழுத வேண்டியிருந்தது.

மீன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தானாக வரவில்லை. நம்மைப் போலவே கொண்டுவரப்பட்டது. ஆனால் அது ஓடையில் ஏற்கெனவே இருந்த சிறு உயிர்களைத் தின்று வளர்கிறது. ஹோட்டன் சமவெளியின் குளிர்நீரில் மட்டுமே வாழும் ஒரு சிறு இறால் இனம் உண்டு. அதற்கு எந்தத் துரையும் சங்கம் அமைக்கவில்லை.

என் தாத்தா ஒரு துரையின் தூண்டில் பெட்டியைச் சுமந்தவர். டயகமப் பக்கத்தால் ஏறி, அட்டைக் கடியோடு ஹோட்டன் சமவெளிக்குப் போவார்களாம். பெட்டியில் அறை அறையாகப் பொய் ஈக்கள் இருக்கும். எந்த அறையில் எது என்று துரையைவிடத் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். மேகம் மூடினால் எதை எடுத்துக் கொடுப்பது, வெயில் வந்தால் எதை எடுத்துக் கொடுப்பது என்று அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கோலை மட்டும் ஒருநாளும் அவர் பிடித்ததில்லை. "நமக்கு எதுக்குடா அது, மீன் வேணும்னா சாக்கு இருக்கு" என்பார். எங்கள் ஆற்றில் சாக்கை விரித்து மீன் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த இறகுகளின் கதையைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சமன் மீனுக்கான பொய் ஈக்களில் மிகவும் பேர்போனது ஜொக் ஸ்கொட் என்பது. அதன் இரு பக்கமும் பளபளக்கும் புள்ளி இறகு ஒன்றைப் பதிப்பார்கள். அது சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. அந்தக் கோழி தென்னிந்தியக் காடுகளின் பறவை. நம் பெரியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், தென்னிந்தியக் காட்டுக்கோழியின் இறகு ஸ்கொட்லாந்து ஆறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிற்காலத்தில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. இப்போது வளர்ப்புக் கோழிகளிலிருந்து எடுக்கிறார்கள். ஜொக் ஸ்கொட் என்பது யார் பெயர் தெரியுமா? ஒரு பிரபுவின் ஊழியன் பெயர். 1850 வாக்கில் பிரபுவோடு நோர்வேக்குப் போகும் வழியில் அவன் கட்டியதாம் அது. பிரபுவின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டி சுமந்தவன் பெயர் தூண்டிலில் இருக்கிறது.

சமன் என்றதும் உங்களுக்குக் கூட்டுறவுக் கடையின் டின் நினைவுக்கு வந்திருக்கும். நாம் டின்னில் வரும் எந்த மீனையும் சமன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான சமன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், கிறீன்லாந்துப் பக்கமெல்லாம் திரிந்து வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. வாசனையால் ஆற்றை அடையாளம் காண்கிறது என்கிறார்கள். ஆற்றுக்குள் வந்த பிறகு அது இரை எடுப்பதில்லை. பசியில்லாத மீன் பொய் ஈயை ஏன் கௌவுகிறது என்பதில் தூண்டில்காரர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. சினமா, பழைய பழக்கமா, யாரறிவார்.

இந்தப் பக்கத்தை எழுதியபோது என் பெரியப்பாவின் நினைவு வந்தது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரு பிரதமர்களும் கணக்குப் பார்த்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரியப்பா லிந்துலையில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவரைத் தாயகம் திரும்பியோர் என்று எழுதி அனுப்பினார்கள். தலவாக்கலை ஸ்டேசனில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். மீனைப் பிறந்த ஆற்றுக்குத் திரும்பவிட்ட உலகம் இது. மனிதனைப் பிறந்த ஆற்றிலிருந்து பிடுங்கி, அதற்குத் திரும்புதல் என்று பெயர் வைத்தது. பெரியப்பா குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த நீலகிரி ஓடைகளிலும் டிரவுட் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோய் விட்ட மீன்களில் இலங்கையிலிருந்து போனவையும் உண்டு. மீன் முன்னால் போயிற்று. மனிதர் பின்னால் போனார்கள்.

அடுத்து காலமும் அனுமதியும். டே ஆற்றில் சமன் பிடிக்கும் காலம் ஜனவரி 15 இல் தொடங்கி ஒக்டோபர் 15 இல் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமன் பிடிக்க அந்த நாட்டில் சட்டமே இடம் கொடுப்பதில்லை. தூண்டிலுக்கென்று அரசாங்க அனுமதிச்சீட்டு இல்லை. ஆனால் சமனைப் பிடிக்கும் உரிமை தனியாருக்குச் சொந்தமான ஒரு சொத்து. உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். ஆற்றைத் துண்டு துண்டாக அளந்து, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன துண்டு என்று கொடுக்கிறார்கள். மருமகன் இதை விளக்கப் பெரும்பாடு பட்டான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. காலையில் கங்காணி கொழுந்து மலையில் நிரை பிரித்துக் கொடுப்பதுதானே இது! ஒரே வித்தியாசம், இங்கே நிரைக்குப் போகிறவர் சம்பளம் வாங்குகிறார். அங்கே நிரைக்குப் போகிறவர் காசு கட்டுகிறார்.

"மாமா, பிடிச்சாலும் திருப்பி விட்டுறணும்" என்றும் சொன்னான். ஏப்ரலுக்கு முன் பிடிபடும் சமனை விட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். மற்ற மாதங்களிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்ப ஆற்றுக்கே போகின்றன. காரணம் இருக்கிறது. பிரித்தானிய ஆறுகளின் சமனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக 2023 இறுதியில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துவிட்டது. இதைக் கேட்ட என் மனைவி, "விடுறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க? நம்ம ஆத்துலேயே ஒண்ணைப் பிடிச்சு விட்டாப் போதாதா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம ஆறு எங்கே இருக்கிறது? 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரத்துக்காகத் தலவாக்கலையில் ஆற்றை மறித்துச் சுரங்கத்துக்குள் திருப்பியது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு இப்போது அளந்துதான் தண்ணீர். மின்சாரம் வேண்டும்தான். ஆனால் ஒரு ஆற்றைப் பார்க்க வேறு நாட்டுக்குத் திட்டம் போடும் மனிதன், தன் ஆற்றின் கணக்கையும் கொப்பியில் எழுதத்தானே வேண்டும்.

கடைசித் தலைப்பு கடவுச்சீட்டு. என் தாத்தாவுடைய துரைக்கு ஊர்போய்வர ஒரு கப்பல் டிக்கட் போதுமாயிருந்தது. எனக்குக் கடவுச்சீட்டு கையில் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இப்போது விசா விண்ணப்பத்தில், இதற்கு முன் வேறு நாட்டுப் பிரசையாக இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன், அது உண்மை. எந்த நாட்டுப் பிரசையாகவும் இல்லாமல் இருந்ததுண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஆண்டுக் கணக்கோடு பதில் சொல்லியிருப்பேன்.

பயணத்தில் நான் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று குறித்துவைத்திருக்கும் இடம் பேர்த் நகருக்கு வடக்கே உள்ள கேப்புத் என்ற சிற்றூர். 1922 ஒக்டோபர் 7 ஆம் திகதி மாலையில் அங்கே ஜோர்ஜினா பலன்டைன் என்ற பெண் டே ஆற்றில் ஒரு சமனைப் பிடித்தார். நிறை 64 இறாத்தல். பிரித்தானியாவில் தூண்டிலில் பிடிபட்ட சமனில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. பொய் ஈயில் அல்ல, சுழலும் இரையில் அது அகப்பட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போராட்டம். யார் இந்தப் பெண்? பிரபு வீட்டுச் சீமாட்டி அல்ல. அந்தத் தோட்டத்துப் பிரபுவுக்குப் படகோட்டிய மனிதருடைய மகள். அன்று படகில் அவரோடு இருந்தவர் தகப்பனார்தான். இது ஒரு பெண் பிடித்த மீனா என்று இரண்டு முதியவர்கள் வியந்து மறுத்துப் பேசியதை அவரே பின்னால் நின்று கேட்டதாகச் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் பிறருக்காக ஆற்றை அறிந்துவைத்திருந்த ஒருவரின் பிள்ளை, ஒருநாள் தனக்காகக் கோலைப் பிடித்தது. எனக்கு அந்தக் கரையில் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும்.

பொய் ஈயை நான் இங்கிருந்தே கொண்டுபோகிறேன். இலங்கையில் பொய் ஈ கட்டி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பியக் கடைகளிலும் அமெரிக்கக் கடைகளிலும் விற்பவற்றில் நம் நாட்டுப் பெண்களின் விரல்கள் கட்டியவை இருக்கின்றன. நான் படிப்பித்த பிள்ளை ஒருத்தி கொழும்புப் பக்கம் அப்படியொரு இடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய அம்மா கொழுந்தெடுத்தவர்; அந்தக் கை வேகம் மகளுக்கும் இருக்கிறது. "சேர், ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டுறோம். எந்த ஆத்துக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, எங்கள் வீட்டுச் சேவலின் இறகில் எனக்காக ஒன்று கட்டித் தந்தாள். அது எந்த ஆற்றுக்குப் போகிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

இதில் இலக்கியம் எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். மலையக இலக்கியத்தில் பயணம் நிறைய உண்டு. காட்டுவழி நடந்து வந்த பயணம், ராமானுஜம் கப்பலேறிப் போன பயணம், கலவரத்தில் மூட்டையோடு ஓடிய பயணம். எல்லாம் பிறர் நமக்காகப் போட்ட திட்டங்கள். ஒரு மனிதன் தன் ஆசைக்காக, சும்மா பார்த்துவர, ஒரு மீனைப் பிடித்துத் திரும்ப விட்டுவரப் போட்ட திட்டம் அதில் அநேகமாக இல்லை. வறுமையை எழுதினோம், எழுதத்தான் வேண்டும், அது இன்னும் முடியவில்லை. ஆனால் ஆசையையும் எழுதவேண்டும். ஓய்வும் விளையாட்டும் துரைக்கு உரியவை, சுமப்பது மட்டும் நமக்கு உரியது என்று என் தாத்தா நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்குள் பிறர் நட்டார்கள். அதை நம் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடாது.

விசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காசு போதாமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகலாம். சமன் வரலாம், வராமலும் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி வாங்குங்கள். போக ஆசைப்படும் ஒரு இடத்தின் பெயரை முதற் பக்கத்தில் எழுதி, அங்கே போக என்னென்ன வேண்டும் என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் உங்கள் குடும்பத்தின் வரலாறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எழுதி முடித்தால், போகாவிட்டாலும் அது ஒரு புத்தகம்.